தாள் இலக்கம்

"கையிலை இருக்கிற ஒரு தாளை எடுத்து
இலக்கத்தைப் படம்பிடிச்சு அனுப்பு" என்றாள்
வின்டர்தூரிலிருந்து தங்கச்சி யசோதினி.
பின்னால் ஆஸ்பத்திரி வாளி உருண்டது.

என் கையில் இருந்தது இருபது ரூபா.
ஓரம் கிழிந்தது, யாரோ நீலப் பேனையால்
"கோழித்தீன் 3" என்று எழுதியிருந்தது.
அனுப்பினேன்.
அதோடு அது இருபது ரூபா இல்லை.

வங்கியில் பிராங்குக்கு இருநூற்றுப் பதினெட்டு.
பற்குணம் அண்ணையிடம் இருநூற்று அறுபத்தைந்து.
ஆயிரத்து எண்ணூறு பிராங்குக்கு
வித்தியாசம் எண்பத்து நாலாயிரத்து அறுநூறு.
கல்குலேற்றரில் மூன்று தரம் தட்டிப் பார்த்தேன்,
மூன்று தரமும் சட்டம் தோற்றது.

எங்கள் ரூபாவைக் கடலுக்கு அப்பால்
எந்தக் கண்ணாடிக்குப் பின்னாலும் வாங்கமாட்டார்களாம்.
அவர்கள் காசு நேர்வழியில் வந்தால்
அரசாங்கம் தான் வைத்த விலைக்கு எடுத்துக்கொள்ளும்.
ஆகவே ஒன்றும் போவதுமில்லை, வருவதுமில்லை.
அவளுடைய பிராங் அங்கேயே
ஒரு மளிகைக்கடை லாச்சிக்குள் கிடக்கிறது.
எனக்குரிய ரூபா இங்கேயே
மாங்குளத்தில் யாரோ நெல்லு விற்ற காசு.
நடுவில் பறந்தது
கோழித்தீன் தாளின் இலக்கம் மட்டும்.

இதை நான் விளங்கி முடிப்பதற்குள்
மேசையில் கிடந்ததை எடுத்துக்கொண்டு
மகன் ரியூசனுக்கு பஸ் ஏறிவிட்டான்.

"தாள் இல்லாமல் தரேலாது பிள்ளை" என்றார் பற்குணம் அண்ணை.
"உம்மை எனக்குத் தெரியும்.
உம்மடை கலியாணத்திலை சாப்பிட்டனான்.
எண்டாலும் தாள்தான்."

அந்தக் கலியாணத்துத் தாலிக்கொடி
வெள்ளிக்கிழமை ஏலத்துக்குப் போகிறது.

மல்லாவிச் சந்தியில் பஸ்ஸை மறித்தேன்.
கொண்டக்டர் சசிகரன் விரலிடுக்கில்
நீளவாக்கில் மடித்த கற்றையை விரித்தான்.
இருபதுகள் பதினொன்று. ஒன்றிலும் கோழி இல்லை.
"இருபது ரூபாவுக்கோ பஸ்ஸை நிப்பாட்டினியள்?" என்று
பின்சீற்றில் ஒருத்தி சினந்தாள்.
சொல்லிக்கொண்டே தன் பேர்சையும் திறந்து பார்த்தாள்.
பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.
சட்டைப்பை, இடுப்பு முடிச்சு, வெற்றிலைப் பை,
தாள்கள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன.

மிச்சக் காசாய் அதை வாங்கியிருந்தவர்
உரப்பையோடு முன்னால் இருந்தார்.
நாற்பது தாறன் என்றேன்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அப்ப இதிலை என்னவோ இருக்கு."
நூறு என்றேன். மடித்து உள்ளே வைத்தார்.
இருநூறு. யன்னலுக்கு வெளியே பார்த்தார்.
ஐந்நூறு.

அன்று பத்தேகால் மணிக்கு
மல்லாவியில் இருபது ரூபாவின் நாணயமாற்று வீதம்
ஐந்நூறு.
எந்தப் பலகையிலும் அது எழுதப்படவில்லை.

மத்தியானம் ஹெல்மெற் கழற்றாத பெடியன் ஒருவன்
பாண் பையில் காசைக் கொண்டுவந்தான்.
இலக்கத்தை எழுத்தெழுத்தாய்ப் போனோடு ஒப்பிட்டான்.
நான் எண்ணி முடிக்கும்வரை
கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
போகும்போது தாளையும் கொண்டுபோனான்.
கேட்கலாமோ என்று நினைத்தேன், கேட்கவில்லை.

வங்கியில் இருநூற்றுப் பதினெட்டு
சிவப்பு வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
அதற்குக் கீழேதான் காசைக் கட்டினேன்.
கவுண்டர்ப் பிள்ளை எங்காலை என்று கேட்கவில்லை.
மெசின் படபடவென்று எண்ணியது,
ஒவ்வொரு தாளாய் முகர்ந்தது,
கள்ளம் ஒன்றும் இல்லை என்றது.

கொடியைக் கழுத்தில் போட்டு
சட்டைக்குள் தள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.
மிஞ்சியிருந்ததெல்லாம் ஐயாயிரம் ரூபாத் தாள்கள்.
நீட்டினேன்.

சசிகரன் வாங்கவில்லை.
கற்றையை விரலிடுக்கில் தட்டிக்கொண்டு
பஸ் முழுக்கக் கேட்கக் கேட்டான்:

"அந்த இருபது எங்கை, அக்கா?"