வெறும்பெட்டி

மல்லாவி ஆஸ்பத்திரியில
சளிக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில பிடிச்சினம்.
ஒரு நாளைக்கு எத்தினை எண்டார் டொக்டர்.
வீட்டிலயோ, மெசினிலயோ எண்டு
நான் திருப்பிக் கேட்டன்.

தை கடைசி. அறுப்புத் துடங்கிற நேரம்.
இரவிரவா மெசின் ஓட்டுறவனுக்கு
சிகரெட் புகையில்லை,
இமைக்குக் குடுத்த முண்டு.

மிஸ் ஒராள் நம்பரை எழுதினா.
“தொண்ணூறு நாளைக்கு மெசேஜ் வரும் அண்ணை.
பத்தினால் ஒண்டு அனுப்புங்கோ,
பத்தாட்டிச் சைபர்.”

வந்துது.
என்ரை போன் கட்டைப் போன்,
பட்டன் தேஞ்சு ஐஞ்சும் எட்டும் ஒரே முகம்.
அதுக்குத் தமிழ் தெரியாது.
எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் பெட்டி,
பெட்டிக்குப் பக்கத்தில பெட்டி,
ஒரு இடைவெளி, பிறகும் பெட்டி.
வெட்டி முடிச்ச பாண்டியன்குளத்து வயல் மாதிரி
வரம்பு மட்டும் கிடந்துது,
உள்ளுக்கு ஒண்டுமில்லை.

ஆரிட்டையும் காட்டேல்லை.
நானே நிரப்பினன்.
நாலு பெட்டியெண்டால்: வேண்டாம்.
நாலு, இடைவெளி, ரெண்டு: பல்லைக் கடி.
நீட்டுக்கு வந்தால் அது கலைவதனி,
என்ரை மனிசி,
அவள்தான் மூச்சு விடாமல் பேசுறது.

மற்றபடி சத்தம்தான்.
பொக்கற்றுக்கை கிர்ரெண்டு ஒரு வண்டு.
கை தீப்பெட்டிக்குப் போகேக்கை
வண்டு முந்தும்.
சில நாள் மூண்டு தரம், நாலு தரம்.
சொந்தத் தமையன் கனடாவில இருந்து
மாசத்துக்கு ஒருக்கா எடுக்கிறான்,
ஆரெண்டே தெரியாத சனத்துக்கு
என்னில இவ்வளவு கரிசனையோ எண்டு
வெக்கமாய்க் கிடந்துது.

நாப்பத்தோராம் நாள்
பனங்காமத்தில பெல்ட் அறுந்துது.
சாமம் ஒண்டரை. காட்டுக்கரையில
யானை எதையோ முறிக்கிற சத்தம்.
தவரூபன் ஒண்டை நீட்டினான்.
பஞ்சு சுடுமட்டும் பத்தினன்.

பிறகு பெரிய மனிசன் மாதிரி
ஒண்டை அமத்தி அனுப்பினன்.
உடன வந்துது பதில்.
பெட்டிகளுக்கு நடுவில
எனக்கு விளங்கினது ஒண்டே ஒண்டு: 3.50.
பத்துக்கு மாக்ஸ் போட்டிருக்கினம் எண்டு விளங்கிச்சுது.
மற்றப் பெட்டியளை அண்டைக்கு நிரப்பேல்லை,
பயமாய்க் கிடந்துது.
அடுத்த நாள் சைபர் அனுப்பினன்.
அதுக்கடுத்த நாளும்.

வைகாசியில தவரூபன் புதுப் போன் எடுத்தான்.
என்ரை சிம்மை அதுக்குள்ள போட்டுப் பார்த்தால்
மிஞ்சிக் கிடந்த முப்பத்தெட்டும்
தமிழாய் எழும்பி நிண்டுது.
டயரில சாஞ்சுகொண்டு வாசிச்சான்:

ஒரு குவளை தண்ணீர் அருந்துங்கள்.
சரி.
இன்றே ரீலோட் செய்து இருமடங்கு பெறுங்கள்.
என்ன?
மோட்டார் சைக்கிள் ஒன்றை வெல்லுங்கள்.
இரவு பத்து முதல் காலை ஐந்து வரை
அளவின்றிப் பேசி மகிழுங்கள்.

முப்பத்தெட்டில
ஆஸ்பத்திரி அனுப்பினது பதினொண்டு.
மிச்சமெல்லாம் கொம்பனி.

அவன் சிரிச்சான். நான் அதைவிடச் சிரிச்சன்,
குந்தியிருந்த உரப்பையால சறுக்கி
நிலத்தில விழுந்து சிரிச்சன்.
சிரிச்சு முடிஞ்ச பிறகுதான் கவனிச்சன்,
இருமேல்லை.

அந்தச் சாமத்து மெசேஜைத் தேடு எண்டன்.
எடுத்து வாசிச்சான்:
உங்கள் மீதி 3.50 ரூபாய்.

கொஞ்ச நேரம் ஒருதரும் கதைக்கேல்லை.

சிம்மைக் கழட்டித் தாடாப்பா எண்டு வாங்கி
கட்டைப் போனிலயே திருப்பிப் போட்டன்.
ஆறு பத்துக்கு
பொக்கற்றுக்கை வண்டு கிர்ரெண்டுது.
மூண்டு, இடைவெளி, ஐஞ்சு.

மெசினை நிப்பாட்டிப்போட்டு
யோசிச்சுக்கொண்டு இருந்தன்,
என்னவாய் இருக்கும்.