ஒன்று குறைவு

சாட்ஸ்வொர்த். காலை ஆறரை.
சமையலறை மேசையில் வங்கியின் மடிக்கணினி,
பக்கத்தில் பாதி வெட்டிய ரொட்டி.
நாற்பத்தொரு நெடுவரிசைகள்:
வயது, வருமானம், அஞ்சல் குறியீடு,
கடைசியாய்த் தவறிய தவணை.
ஆளுக்கொரு புள்ளி.
அந்த நாற்பத்தொரு பரிமாண வெளியில்
நான் நிறுத்திய மீத்தளம் நிற்கிறது.
இந்தப் பக்கம் கடன் உண்டு.
அந்தப் பக்கம் இல்லை.
எத்தனை பரிமாணம் ஏறினாலும்
பக்கம் இரண்டுதான்.

இன்றைக்கு நொம்புசோ ம்கிஸே,
உம்லாசி. தையல் எந்திரம் இரண்டு வாங்க.
தளத்திலிருந்து செங்குத்துத் தூரம்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று,
அந்தப் பக்கம்.
தளத்துக்குத் தடிமன் கிடையாது.
அதன் மேலேயே நிற்க
யாருக்கும் அநேகமாக வாய்ப்பதில்லை.

எந்த எடை அவளைத் தள்ளியது?
பிரித்துப் பார்த்தேன். அஞ்சல் குறியீடு.
அதை மட்டும் வரைபடத்தில் போட்டால்
என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே
ஆற்றை ஒட்டி ஓடுகிறது கோடு.
நான் வரைந்ததில்லை.
நான் பிறக்குமுன்னே யாரோ
இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று
அடிமட்டம் வைத்து இழுத்தது.
சட்டம் போய் முப்பது வருஷத்துக்கு மேல்.
யாரும் சொல்லித்தராமலே
என் கணக்கு அதைத் தோண்டி எடுத்துவிட்டது,
நாய் எலும்பைக் கண்டுபிடிப்பது மாதிரி.

ஜன்னலில் சத்தம். குரங்கு.
முள்கம்பி, மதில் எல்லாம் தாண்டி வந்து
ரொட்டியைத் தூக்கிக்கொண்டு
மதில்மேல் உட்கார்ந்து
என்னைப் பார்த்தபடியே தின்கிறது.

புள்ளி ஒரு கோட்டைப் பிரிக்கும்;
காகிதத்தைப் பிரிக்காது, சுற்றிப் போய்விடலாம்.
கோடு காகிதத்தைப் பிரிக்கும்;
வெளியைப் பிரிக்காது, ஏறிப் போய்விடலாம்.
பிரிக்க வேண்டுமானால்
வெளியைவிடச் சரியாக ஒன்றே ஒன்று
குறைந்திருக்க வேண்டும்.
இரண்டு குறைந்தால் அது வெறும் கயிறு.

அப்படியானால் இன்னும் ஒரு நெடுவரிசை.
விண்ணப்பத்தின் அடியில், கட்டங்களுக்கு வெளியே,
பேனாவால் எழுதியிருக்கிறாள்:
பதினோரு வருஷம் சீட்டு கட்டுகிறேன்,
ஒரு மாதமும் தவறவில்லை.
சேர்த்தேன். நாற்பத்திரண்டு. தலைப்பு: சீட்டு.
பழைய மீத்தளம் கயிறாகிப் போனது.

ஏழரைக்கு மூட்லி அழைப்பார்.
யார் அனுமதித்தது என்பார்.
பதில் இன்னும் வரவில்லை எனக்கு.
குரங்கு போய்விட்டது.
ரொட்டியின் காய்ந்த ஓரம்
மதில்மேலேயே கிடக்கிறது,
எந்தப் பக்கமும் விழாமல்.