பாணுக்குள் நாலு பற்றறி

காலை ஐந்தே கால்.
பகலெல்லாம் சீனக்குடா மா ஆலையில்
மூட்டை எண்ணுகிறவன்
விடியமுன்னம் வீட்டிலும் மாவுக்குள்தான் நிற்கிறேன்.
வதனிக்கு ஆசுப்பத்திரியில் இரவு வேலை.
ஏழரைக்கு முன் வரமாட்டாள்.

கரட் மூன்று. ஒரு பிடி முருங்கை இலை.
கோவா, லீக்ஸ், பாதிப் பீற்றூட்.
துருவியதில் என் விரல்முட்டித் தோலும்
கொஞ்சம் சேர்ந்திருக்கும்.
சத்துத்தானே, போகட்டும்.

எண்ணெய்த் தாங்கி வேலைக்கு வந்த
லூதியானாக்காரன் ஹர்பீர்
தேத்தண்ணிக் கடை மேசையில்
பேப்பர்த் துண்டை மடித்து மடித்துக் காட்டினான்:
உருண்டையைக் குழியாக்கு,
கறியை உள்ளே வை,
வாயைத் திருகி மூடு,
மேலே அழுத்து, மெல்ல, மெல்ல.
வெளியே ஒன்றும் தெரியாது என்றான்.
பாவம், அவனுக்குக் கலியாணம் ஆகவில்லை.
வருணிகாவையும் தெரியாது.

எட்டு வயது.
ரொட்டியை இரண்டு விரலால் தூக்கி
யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள்.
"அப்பா, இதுக்குள்ள என்ன?"
"ஒண்டுமில்லை."
"பச்சையா ஒண்டு ஓடுது."
பிறகு நுள்ளல், கிளறல், தோண்டல்.
கோப்பை விளிம்பில்
வரிசையாகப் பிடிபட்ட சாமான்கள்.

பதினாலு வயதில்
ஒரு றாத்தல் பாணைக் குடைந்து
நாலு பற்றறியை உள்ளே வைத்து
மூதூர் லோஞ்சியில் ஏறியவன் நான்.
மாமா வீட்டு ரேடியோ செத்துக் கிடந்தது அப்போது.
இறங்குதுறையில் ஒருவன் பாணை வாங்கினான்,
மணந்தான்,
திருப்பித் தந்தான்.
எனக்கு மூத்திரம் முட்டியது.
ஆனாலும் பிடிபடவில்லை.

இன்று ஒரு நூல் லீக்ஸைக்
கடத்த முடியவில்லை.

சின்னவன் தனுக்சன் தேடுவதில்லை.
வாயைத் திறப்பதேயில்லை.
ஐந்து வயதுக்கு அது போதுமான அரசியல்.

போன கிழமை அதிசயம் நடந்தது.
திங்கள், செவ்வாய், புதன்,
சாப்பாட்டுப் பெட்டி இரண்டும் வெறுமை.
நக்கித் துடைத்த மாதிரி.
ஹர்பீருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.
வதனியிடம் பெரிய கதை அளந்தேன்.
அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே
"ம்" என்றாள்.
தாதிமாரின் "ம்"மில்
ஒரு வைத்திய அறிக்கையே இருக்கும்.

வெள்ளி அரைநாள் லீவு.
பிள்ளைகளைக் கூட்டிவரப் போனேன்.
மைதானத்து மதிலோரம் நிழலில்
நாலைந்து புள்ளிமான்,
இந்த ஊரில் மாடு நிற்கிற மாதிரி நிற்கிறவை.
நடுவில் வருணிகா.
ரொட்டியைக் கடிதம் போலப் பிரித்து
உள்ளே இருப்பதை வழித்து
ஒரு கிழட்டுக் கலைக்கு நீட்டுகிறாள்.
வெளித்தோலைத் தான் தின்கிறாள்.
நீதியான பங்கீடு.

தனுக்சன்தான் முதலில் கண்டான்.
ஓடவில்லை, ஒளிக்கவில்லை.
நிலத்தைக் காட்டினான்.
மான் துப்பியிருந்தது.
"அப்பா, மானுக்கும் லீக்ஸ் பிடிக்காது."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன்.
மூதூர்த் துறையில் பாணை மணந்தவனின் முகம்
எங்கிருந்தோ வந்து நின்றது.
ஒருவேளை அவனுக்கும் தெரிந்திருக்குமோ,
பாண் ஏன் அவ்வளவு பாரமென்று?

இன்று லீக்ஸ் போடவில்லை.
மூடவுமில்லை.
கரட்டும் முருங்கையும் மேலேயே தெரிய
மாவோடு பிசைந்து தட்டிப் போட்டேன்.
ஆறுக்குப் பதில் ஏழு.
"ஏழாவது ஆருக்கு?" என்று
வேலையால் வந்த வதனி கேட்டாள்.
கல்லைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

தனுக்சன் ஒரு துண்டு எடுத்தான்.
காதை விறைத்து,
கண்ணை அகட்டி,
தாடையைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து
மானாகிக்கொண்டிருந்தான்.
விளையாட்டு மும்முரத்தில்
கரட் இறங்கிவிட்டது.
நான் மூச்சுவிடவில்லை.

வருணிகா யன்னலடியில்
தன் ரொட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
கனநேரம் பார்த்தாள்.
ஒளித்தது ஒன்றுமில்லையென்றால்
தேட என்ன இருக்கிறது?
ஏமாந்த முகத்தோடு
ஓரத்தில் ஒரு கடி.

பிறகு ஒரே ஒரு சிவப்பு நூலை
நாக்கிலிருந்து எடுத்து
யன்னல் கட்டையில் வைத்தாள்,
என்னைப் பார்த்தபடியே.