மூன்றாவது நிறுத்தம்

எட்டு மணிக்கு ஒன்பது பேர்.
ஷூ ஆறு ஜோடி, ரப்பர் செருப்பு இரண்டு,
குதிகால் உயர்ந்தது ஒன்று.
ஆளுக்கொரு பொட்டலம் உப்பு கொடுத்தேன், அட்டைக்கு.
"ஏ.டி.எம். அட்டைக்கா?" என்றார் கோயமுத்தூர்க்காரர்.
முதல் சிரிப்பு எப்போதும் இந்த இடத்தில்தான்.

கோத்தகிரி மார்க்கெட் தாண்டி,
கேரட் கழுவும் மெஷின் தாண்டி,
தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடித் தடத்தில்
முதல் நிறுத்தம், கோட்டை.
கோட்டை என்றால் இடுப்பளவுச் சுவர்.
மீதிக் கல் எங்கே என்று யாராவது கேட்பார்கள்,
கேட்டதும் கீழே கை காட்டுவேன்:
சரிவைத் தாங்கும் அணைகள்,
ஃபேக்டரி பாய்லர் மேடை,
சர்ச்சுக்கு ஏறும் மூன்று படி,
பஞ்சாயத்துக் கழிப்பறையின் பின்சுவர்.
கோட்டை இடியவில்லை சார்,
வேலைக்குப் போயிருக்கிறது.

இரண்டாவது, சுனை.
அரசி குளித்த இடம் எனக் கருதப்படுகிறது.
எனக்குக் கொடுத்த தாளில் எல்லாமே அப்படித்தான்.
பதின்மூன்றாம் நூற்றாண்டு எனக் கருதப்படுகிறது.
பெயர் தெரியாத சிற்றரசன் எனக் கருதப்படுகிறது.
யார் கருதுறாங்க என்று ஒரு பையன் கேட்டான் போன மாதம்.
துறை, என்றேன்.
துரையா, என்றான்.
என் அப்பாவுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

பிறகு பனி இறங்கியது.
முதலில் குதிகால்காரியின் சிவப்புக் குடையை எடுத்தது,
பிறகு குடைக்குக் கீழே இருந்தவளை.
எண்ணினேன், ஏழு.
மறுபடி எண்ணினேன், பத்து.
ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு
மூன்றாவது நிறுத்தம் வந்து சேர்ந்தோம்.

"உங்களுக்கு இடப்பக்கம், ஐந்தடி உயரம், நடுகல்.
மேலே சூரியன், பிறை. நடுவில் வீரன்.
கன்றுகளைக் காக்கப் போய்ப் புலியிடம் விழுந்தவன்."
தெரியாத கல்லை நோக்கி
ஒன்பது போன்கள் உயர்ந்தன.
பேசப் பேச நன்றாக வந்தது.
வாளைக் கொஞ்சம் நீட்டினேன்,
புலிக்கு ஓர் உறுமல் கொடுத்தேன்.
யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

அப்போது குடையின் குரல்:
"நீங்க இந்த ஊரேதானா?"
ஆமா மேடம், பக்கத்துலதான்,
இதுதான் எப்போதும் சொல்வது.
முகம் தெரியாததாலோ என்னவோ
வேறு ஒன்று வாயில் வந்துவிட்டது.
"எழுபத்தி மூணுல அப்பா வந்தாரு,
தலைமன்னார்லேருந்து கப்பல்ல.
ஒரு டிரங்குப் பொட்டி, ரெண்டு போர்வை.
டேன்டீ லைன்ல ஏழாம் நம்பர் வீடு.
உங்க முழங்கால்ல இடிக்குதே செடி,
அது அவரு நட்டது."

யாரும் பேசவில்லை.
யாரோ கணுக்காலில் உப்புத் தேய்க்கும் சத்தம்.
"அப்ப செடிக்கு என்ன வயசு இருக்கும்?"
ஐம்பது, என்றேன்.
கருதப்படவில்லை,
செக்ரோலில் இருக்கிறது.

பனி விலகியது, சொல்லாமல் வந்தது போலவே.
நான் காட்டிய இடத்தில்
முப்பதடி தள்ளி
ஒரு காட்டெருமை நின்றது,
நாலு காலிலும் வெள்ளைக் காலுறையோடு.
இவ்வளவு நேரம் அதுவும்
கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

கல் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.
கோயமுத்தூர்க்காரர் அதில் சாய்ந்திருந்தார்,
வீரனின் முகம் அவர் தோள்பட்டையில் பாதி.
அசையாதீங்க, என்றேன். மெதுவா, பின்பக்கமா.
பத்துப் பேரும் கல்லுக்குப் பின்னால் ஒடுங்கினோம்.
வாள் நான் சொன்னதைவிடச் சின்னது,
என் சுண்டுவிரல் நீளம்.
புலிக்குத் தலையே இல்லை.
அவனுக்கு முன்னால் பெரிய உடம்பு ஒன்று
மூச்சு விட்டது, யோசித்தது,
செடி ஒடியாமல் திரும்பி
சோலைக்குள் போனது.

நான்காவது நிறுத்தம் தாளில் இல்லை.
டீக்கடை.
குதிகால் செருப்பைக் கையில் தூக்கியபடி
அவள் இரண்டு டீ சொன்னாள்.
ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு
அப்பா பெயர் என்ன என்று கேட்டாள்.