எடைக்குப் போட்ட படம்

ரொசாரியோவில் அன்று மழை.
அரங்கில் பத்தொன்பது பேர்.
நால்வர் நனையாமல் இருக்க ஒதுங்கியவர்கள்,
ஒருவர் சுவரொட்டி ஒட்டிய கூலிக்கு வந்தவர்.

பதினான்கு மாதம் வரைந்த ஆர்மடில்லோ
பரானா நதியைக் கடக்கப் புறப்பட்டு
நடு ஆற்றில் கருவிக்குள் சிக்கிக்கொண்டது.
அதன் வயிற்றில் ஒரு பழுப்பு வட்டம்,
பிறகு பெரிய வட்டம்,
பிறகு வெறும் வெளிச்சம்.
யாரோ கைதட்டினார்கள்.
அதுதான் முடிவென்று நினைத்திருக்கலாம்.

எனக்குப் பதினொரு வாரச் சம்பளம் பாக்கி.
மை நிரப்பும் வேலை. பெயர் எர்மெலிந்தா.
முதலாளி ஒரேஸ்தே காவிலியா
படியில் உட்கார்ந்து தொப்பியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்,
உள்ளே ஏதோ எழுதியிருப்பதைப் போல.

கடன்காரர்கள் மேசையை எடுத்தார்கள், விளக்கை எடுத்தார்கள்.
படச்சுருளைச் சீப்புக் கம்பெனிக்காரன் எடுத்தான்,
தராசில் வைத்து, கிலோ இவ்வளவு என்று.
செல்லுலாய்டு ஆயிற்றே.
காரத்தில் ஊறப்போட்டால் ஆர்மடில்லோ கரைந்துவிடும்;
வெள்ளி ஒருபக்கம், சீப்பு ஒருபக்கம்.

அந்தக் கோடையில், டிராமில்,
முன் இருக்கைப் பெண்ணின் கொண்டையில் ஒரு சீப்பு.
ஒரேஸ்தே இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை.
வெயில் படும்போதெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார்.
அவள் அறைந்தாள்.
கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:
"என் படத்துக்கு வந்த முதல் விமர்சனம்."

பிறகு புவெனஸ் அயர்ஸ். மாடுகள் போகும் ரயிலில்.
ஒரு சோப்பு விளம்பரம்: நாற்பது வினாடி, ஒரு நாய்.
வாடகை அறையில் மைப்புட்டியின் அடியைத் தட்டிவிட்டுச் சொன்னேன்:
மூன்று காலுக்குத்தான் வரும்.
"அப்படியானால் மூன்று கால்," என்றார்.

மூன்று காலில் ஒரு நாய் எப்படி நடக்கும்?
இரவெல்லாம் அவரே நடந்து பார்த்தார்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால்
கூரையை இடித்தார்.
தட், தட், ஒரு மூச்சு, தட்.
ஒரேஸ்தே அப்படியே நின்றுவிட்டார்.
"இன்னொரு முறை இடியுங்கள்!"

அந்த நடைக்கு நாடே சிரித்தது.
மற்றதெல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான்:
பிஸ்கட் டப்பா, பள்ளிப்பை, வானொலியில் குரைப்பு,
அறுபத்திரண்டு அரங்குகள்,
ஆற்றங்கரையில் ராட்டினங்களோடு ஒரு பூங்கா,
வாசலில் வெண்கல நாய்.
குழந்தைகள் ஏறி ஏறி அதன் முதுகு மட்டும் பொன்னாகிவிட்டது.

வண்ணப்படம் எடுக்கும் காலம் வந்தபோது
கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்:
பணம்தான் இருக்கிறதே,
நான்காவது காலையும் போட்டுவிடலாம்.
ஒரேஸ்தே என்னைப் பார்த்தார்.
"மை இல்லை," என்றேன்.
கணக்கர் அதைக் குறித்துக்கொண்டார்.
மறுநாள் நாற்பது பெட்டி மை வந்து இறங்கியது.

பதினொரு வாரச் சம்பளத்தில் எட்டு வந்துசேர்ந்தது,
தவணை தவணையாக, வட்டியில்லாமல்.
மீதி மூன்றுக்கு, அவர் போன பிறகு,
வக்கீல் கையில் ஒரு சின்னப் பொட்டலம்:
இரண்டு பல் போன சீப்பு.

ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
கழுவியவன் கைகாரன்.
ஒரு கோடுகூட மிச்சமில்லை.