செத்த இரு

காவேரிப்பட்டணம் சாலையில் மாங்கூழ் ஆலை.
ஜூன் பதினொன்று, இரவு ஷிப்ட்.
கிளிமூக்கு ஏற்றிய லாரிகள்
பாலம் வரைக்கும் நிற்கின்றன.
பழம் பிரிக்கும் இயந்திரம் சீனத்திலிருந்து வந்தது,
அதன் கணினியும்,
கணினியின் பேச்சும்.

திரை எதையோ கேட்டது.
இரண்டு பொத்தான்கள்.
பொருத்திவிட்டுப் போன ஆள்
வலதை அழுத்தச் சொன்னானா இடதையா
மேலாளர் திம்மராயப்பாவுக்கு நினைவில்லை.
"எதையாச்சும் அழுத்தும்மா, பழம் அழுகுது."

எழுத்தை உற்றுப் பார்த்தேன்.
ஒன்றில் பெட்டி மேலே, கீழே நடக்கிற கால்கள்.
இன்னொன்றில் பெட்டி கீழே,
மேலே யாரோ கைவிரித்து மறிக்கிறார்.
நடக்கிறதை அழுத்தினேன்.
பெல்ட் நகர்ந்தது.
எனக்குச் சீனத்தில் 'ஆம்' தெரிந்தது இப்படித்தான்.

அப்புறம் தேடிப் படித்தேன்.
இதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது,
யாரும் எடுக்கலாம், திருத்தலாம், காசில்லை.
எங்கள் ஏரி மாதிரி என்று எழுத வந்தேன்.
ஏரியில் மீனுக்கு ஏலம் விடுகிறார்கள்.

மொழிகளின் வரிசையில் தமிழும் இருந்தது,
பெயரளவில்.
நாலாயிரத்துச் சொச்சம் வரிகள், எதிரே காலி.
முப்பத்தேழை யாரோ நிரப்பியிருந்தார்,
கோப்பு, அடைவு, சாளரம் என்று.
முப்பத்தெட்டில் எழுந்து போய்விட்டார்.
சாப்பிடப் போனாரோ,
வேலை கிடைத்ததோ.

கழுவும் தொட்டி நிரம்புகிற நேரத்திலெல்லாம்
நான் உட்கார்ந்தேன்.
'மறுதொடக்கம்' என்று அடித்து
பெல்ட்டில் நிற்கும் மாதேஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன்.
"கோர்ட்டு நோட்டீசா?" என்றாள்.
அழித்தேன். 'திரும்பக் கெளப்பு.'
'காத்திருக்கவும்' பஸ் ஸ்டாண்டில் கேட்டதே போதும்,
அதற்கு 'செத்த இரு.'

ச்சாங்ஷாவிலிருந்து பதில் வந்தது,
வேய் என்று கையெழுத்து,
இயந்திரம் பெயர்த்த தமிழ்:
"மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளர்,
உங்கள் வரி பயனரைப் பிணமாக இருக்கச் சொல்கிறது.
இது வேண்டுமென்றா?"

கேன்டீனில் எல்லாரும் திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.
பதில் எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.
'சற்று' எங்கள் வாயில் உருண்டு
'செத்த' ஆன கதை,
சாவுக்கும் இதற்கும் சொந்தமில்லை,
குழந்தையிடமும் சொல்வோம்
கடன்காரரிடமும் சொல்வோம்,
ஆம்புலன்சில் அண்ணனிடம் நான் சொன்னேன்
என்று எழுதி
அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன்.

மூன்று நாள் ஒன்றுமில்லை.
நான்காம் நாள் ஒற்றை எழுத்து வந்தது.
பெயர்த்துச் சொல்ல எதையும் கேட்கவில்லை நான்.
பெட்டி மேலே.
நடக்கிற கால்கள்.

இப்போது இயந்திரம் யோசிக்கும்போதெல்லாம்
திரையில் 'செத்த இரு.'
"பாரேன், நம்மூர்ல பொண்ணு எடுத்திருக்கு"
என்கிறாள் மாதேஸ்வரி,
அழுகலை இடக்கையால் தள்ளிக்கொண்டே.

நிரப்பாதவை இன்னும் ஆயிரம் இருக்கும்.
தெரிந்தே விட்டது ஒன்றுதான்,
கணினியை நிறுத்தும் பொத்தான்.
'அணை' விளக்குக்கு.
'நிறுத்து' பெல்ட்டில் கை மாட்டும்போது கத்துவது.
'மூடு' என்றால் ஆலையையா என்பார்கள்,
போன வருஷத்துப் பயம் இன்னும் போகவில்லை.

தலையில் இரண்டு கொம்போடு
காலை அகட்டிக்கொண்டு
அந்தச் சீன எழுத்தே நிற்கட்டும்.
சீசன் முடிய மூன்று வாரம் இருக்கிறது.