இரண்டு செங்கல் நேரம்

உலர்பாலச் சந்தையில் கேமராவுக்கு
அறுபது லாரி கேட்டாள் மனானா.
ஸெனித். அம்மிக்குழவி எடை.
ஒளிமானி செத்துப்போயிருந்தது, அதற்காகப் பத்து குறைத்தாள்.
மீந்த பத்தில் ஒரு புத்தகம்:
அட்டை இல்லை, முன்பக்கங்கள் நான்கு இல்லை,
படமெடுத்தவர் பெயர் அவற்றோடு போயிருக்கும்.
ஆணா, பெண்ணா, அதுவும் தெரியாது.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
திபிலிசியின் பழைய அடுக்குமாடிகளில்
இருபது தெத்ரி விழுங்கினால்தான் மேலே ஏறும் லிஃப்டுகள்.
ஸ்பிரிங், பல்சக்கரம், திறந்து மூடும் கதவு:
கேமராவின் வயிறு ஒரே இரவில் பிடிபட்டுவிட்டது.
பிடிபடாதவை எண்கள்.
பதினாறு என்றால் ஊசிக்கண், இரண்டு என்றால் ஜன்னல்.
எண் ஏற ஏற வெளிச்சம் இறங்குகிறது.
பத்தாம் மாடிக்கு அழுத்தினால் பாதாளத்துக்குப் போகும் லிஃப்டை
எந்தப் புண்ணியவான் பொருத்தினான்?
கூட்டாளி ஜும்பேர் வாயில் மென்றபடியே கேட்டான்:
"ரொட்டியைப் பதினாறு பங்கு போட்டால்
உனக்கு எவ்வளவு கிடைக்கும்?"
அப்புறம் மறக்கவில்லை.

புத்தகத்தை எந்திர அறையில் வைத்துப் படித்தேன்.
படித்தேன் என்றால், எழுத்தே இல்லாத புத்தகம்.
எண்ணெய் படாமல்
மணிக்கட்டால் பக்கம் தள்ளித் தள்ளி.
எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன்.
ஒரு திருமண ஊர்வலம், அத்தனை பேரும் சிரிக்கிறார்கள்,
போதும் போதும் என்றிருந்தது.
நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டில்தான் மாட்டிக்கொண்டேன்.
ஒரே முற்றம். மரப் படிக்கட்டு. கொடிக்கயிறு.
நாற்பதில் கயிறு வெறுமை.
நாற்பத்தொன்றில் ஒரு பெண் வெள்ளை விரிப்பை உதறுகிறாள்,
அது காற்றுக்கு நிறைமாதம் போல் வயிறு தள்ளி நிற்கிறது.
நாற்பத்திரண்டில் அவள் இல்லை. விரிப்பு சொட்டுகிறது.

முற்றத்தை ஸொலொலாகியில் கண்டுபிடித்தேன்.
லிஃப்ட் இல்லாத வீடு, ஆகவே நான் அறியாத வீடு.
பக்கத்தை ஏந்தி நின்றேன். கைப்பிடிக் கம்பி பொருந்தவில்லை.
மண்டியிட்டேன். இல்லை.
மாடியிலிருந்து ஒருத்தி, "எதைத் தொலைத்தாய்?" என்றாள்.
"உயரத்தை" என்றேன்.
மூன்றாம் படியில் உட்கார்ந்ததும்
கம்பியின்மேல் கம்பி வந்து அமர்ந்தது.
சரி, உட்கார்ந்துதான் எடுத்திருக்கிறார்.

எவ்வளவு நேரம்?
நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே
சுவரில் நிழல் இரண்டு செங்கல் நகர்ந்திருக்கிறது.
கதவு மூடும் நொடிகளை அளக்கும் கடிகாரம் என்னிடம் உண்டு.
அழுத்திவிட்டுக் காத்திருந்தேன்.
ஒரு பூனை முகர்ந்துவிட்டுப் போயிற்று.
மாடிக்காரி பேரிக்காய்த் தோலை உதிர்த்தாள்.
ஐம்பத்திரண்டு நிமிடம்.
பருவம் வேறென்றால் கொஞ்சம் கூடக் குறைய.
ஒரு வெறுங்கயிற்றின் எதிரே
அத்தனை நேரம் மரப்படியில் வலித்த புட்டத்துக்கு
என் வணக்கம்.

பிறகு நானும் எடுத்தேன்.
வெயிலில் பதினாறு, ஐந்நூறு.
நிழலில் எட்டு, இருநூற்றைம்பது.
முப்பத்தாறு முடிந்தது. முப்பத்தேழும் எடுத்தது.
நாற்பதிலும் நெம்புகோல் தங்குதடையின்றிச் சுழன்றபோது
கயிறறுந்த லிஃப்ட் ஒன்று என் வயிற்றுக்குள் இறங்கியது.
கோட்டுக்குள் இருட்டுக்கட்டித் தடவிப் பார்த்தேன்.
சுருளின் நாக்கு பல்லில் மாட்டவேயில்லை.
டப்பாவை விட்டு வெளியே வராமல்
உள்ளே சுகமாகப் படுத்திருந்தது.

ஆனால் நாற்பதையும் என்னால் சொல்ல முடியும்.
மூன்றாவது, பூனையின் கிழிந்த காது.
எட்டாவதில் அவசரப்பட்டேன்.
இருபத்தொன்றில் ஓரத்தில் குப்பைத்தொட்டி,
ஒரு படி இறங்கியிருந்தால் மறைந்திருக்கும்.
முப்பத்தொன்பது எதற்கென்றே தெரியவில்லை.

இன்று ஞாயிறு. அதே படி. அதே சுருள், இன்னும் புதிது.
மாடிக்காரியின் பெயர் எத்தேரி, கேட்டுக்கொண்டேன்.
இன்று துவைக்கப்போவதில்லையாம்,
நாளையும் நிச்சயமில்லையாம்.
நாக்கைப் பல்லில் கோர்த்து மூடி
நெம்புகோலைத் தள்ளுகிறேன்.
இடப்பக்கக் குமிழ்
மெல்ல
எதிர்த்திசையில்
சுற்றுகிறது.